பேராசிரியருக்கு வாங்கிய மீன்

படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை எந்தத் தமிழ் வீட்டிலும் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. கலாநிதிப் பட்டம் வாங்கியாயிற்று, பெயருக்கு முன்னால் டொக்டர் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் ஏன் ஆய்வுகூடத்துக்குப் போகிறாய், ஏன் ஒரு வருட ஒப்பந்தத்தில் தொங்குகிறாய் என்று கேட்டால் என்னிடமே ஒழுங்கான பதில் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிச் சனம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வரும். நான் அந்த டொக்டர் இல்லை என்றதும், "அப்ப எந்த டொக்டர்?" என்பார்கள். அம்மா முந்திக்கொண்டு, "மீன் டொக்டர்" என்பார். (மீனுக்குக் காய்ச்சல் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள் என்று மூன்றாம் மாடி மாமி கடைசிவரை நம்பினார்.)

உண்மையில் நான் பார்த்தது மீனுக்குள் இருக்கும் புழுவை. கடல்மீனின் குடலில் நூல்போலச் சுருண்டு கிடக்கும் ஒட்டுண்ணி அது. நன்றாகக் கொதிக்கவைத்த மீனைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் வயிறு படாத பாடு படும். எந்தக் கரையில் பிடித்த மீனில் எந்த இனப் புழு இருக்கிறது என்று அதன் மரபணுவை வாசித்துக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு மீனின் சொட்டுத் தண்ணீர் இன்னொன்றில் பட்டாலே முடிவு பிழைத்துவிடும். ஆகவே மீனுக்கு மீன் கையுறை மாற்றுவேன். பைக்குள் பை போடுவேன். ஒவ்வொரு மீனின் செவுளிலும் ஊர்ப்பெயர் பொறித்த சின்னத் தகடு கட்டுவேன். இந்தச் சுத்தபத்தத்தைப் பற்றி எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. திட்டத்தின் தலைவரான டென்மார்க் பேராசிரியர் திங்கட்கிழமை வந்து, நான் சேர்த்த மீன்களைப் பார்த்துவிட்டு, என்னை இன்னொரு வருடம் வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்லப்போகிறார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பொதியை எடுக்கப் புறக்கோட்டை மீன் சந்தைக்குப் போனேன். அங்கே எனக்கு மீன் எடுத்துத் தரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

"தங்கச்சி, ஊர் உலகத்துல எல்லாரும் புழு இல்லாத மீன் கேப்பாங்க. நீங்க மட்டுந்தான் புழு உள்ளதாக் கேக்குறீங்க" என்றார். "இது மன்னார் மீன். பாதை தொறந்த நேரம் பாத்து வந்திச்சு. இனி எப்ப வருமோ அல்லாவுக்குத்தான் தெரியும்."

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. மன்னாரிலிருந்து மனிதர் வருவதே பெரும்பாடு. மீன் வந்தது என் அதிர்ஷ்டம் என்று பூரித்துப்போய், நீர்கொழும்பு, சிலாபம், பேருவளை, திருகோணமலை மீன்களோடு அதையும் தகடு கட்டிப் பெட்டியில் அடுக்கினேன். ஓட்டோவில் ஏறினால் பாதியிலேயே வீதியை மூடிவிட்டார்கள். யாரோ பெரியவர் போகிறாராம். "பார வஹலா, மிஸ்", பாதை பூட்டு என்று சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டார். பாதை திறந்தபோது ஆய்வுகூடம் பூட்டியிருந்தது. மீன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில் அடைத்தேன்.

"இதென்ன பிள்ளை இவ்வளவு மீன்? ஆருக்கு?" என்றார் அம்மா.

புழு என்ற சொல்லை உச்சரித்தால் மீனோடு பிரிட்ஜும் வெளியே போகும். ஆகவே, "பேராசிரியருக்கு வாங்கினது அம்மா. தொடாதேங்கோ" என்றேன். பொய்யே இல்லாத ஒரு வாக்கியம். அதைச் சொன்ன கெட்டித்தனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

பேராசிரியர் ஒரு நாள் முந்தியே வந்து இறங்கிவிட்டார். ஞாயிறு காலை பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தாடி, சிரிக்காத முகம். என்ன பேசுவது என்று தெரியாத பதற்றத்தில், "மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடலாமே" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மரியாதைக்கு மறுப்பார் என்று நினைத்தேன். சரி என்றுவிட்டார். வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, பேராசிரியர் சாப்பிட வாறார். ஏதாவது செய்யேலுமே?"

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை" என்றார் அம்மா. "எல்லாம் கிடக்கு."

மத்தியானம் படியேறும்போதே மணம் இறங்கி வந்தது. ஒடியல் கூழ்! பனங்கிழங்கு மாவைக் கரைத்து, புளியும் செத்தல் மிளகாயும் விட்டு, பலாக்கொட்டை, பயிற்றங்காய், நண்டு, இறால், அகப்பட்ட மீன் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்கவைக்கிற யாழ்ப்பாணச் சாப்பாடு. அம்மாவின் கூழுக்கு வெள்ளவத்தையில் தனி மதிப்பு. பேராசிரியர் மூக்கை உறிஞ்சியபடி இரண்டிரண்டு படியாக ஏறினார். என் ஒப்பந்தம் அந்தப் படிகளிலேயே கையெழுத்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளைக்காரர் யாரைக் கண்டாலும் அப்பாவுக்குச் சமாதானம் பேச வந்த நோர்வேக்காரர்தான். பேராசிரியரை இருத்திவைத்து, "அப்ப பேச்சுவார்த்தை திரும்பத் தொடங்குமோ?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அவர் டென்மார்க் என்றேன். "பக்கத்து ஊர்தானே, தெரியாமலோ இருக்கும்?" என்றார் அப்பா.

பலா இலையைக் கோலி அதில் கூழை வார்த்தார் அம்மா. பேராசிரியர் குடித்தார். முகம் சிவந்தது, மூக்கு ஒழுகியது, தாடியில் வியர்வை இறங்கியது. இலையை நீட்டி இன்னும் கேட்டார். மூன்றாம் தரம் வார்க்கும்போது, இதில் என்ன மீன் என்று கேட்டார். அம்மா பூரிப்போடு தன் ஆங்கிலத்தை எடுத்தார்.

"யுவர் பிஷ், சேர். ஆல் யுவர் பிஷ்."

என் இலையை அப்பாவின் கையில் திணித்தேன். குசினிக்குள் ஓடினேன். பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸைத் தவிர ஒன்றும் இல்லை. என் பைகள் எல்லாம் கழுவப்பட்டு, யன்னல் கொடியில் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. (அம்மா நல்ல பை எதையும் எறிந்ததில்லை.) ஊர்ப்பெயர்த் தகடுகள் ஒரு கோப்பைத் தட்டில் பளபளவென்று மினுங்கின.

"அம்மா! அந்த மீனைத் தொடாதேங்கோ எண்டெல்லே சொன்னனான்!"

"பேராசிரியருக்கு வாங்கினது எண்டாய். பேராசிரியர் வந்திருக்கிறார். பிறகு ஆருக்கு வைக்கிறது?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஆனா பிள்ளை, உனக்கு மீன் வாங்கத் தெரியாது. குடல் முழுக்கப் புழு. அவருக்குத் தெரியாமல் எல்லாத்தையும் துப்புரவா வழிச்சு எறிஞ்சுபோட்டன்."

எத்தனையோ மாதங்களாக நான் தேடித் திரிந்த பொருளைத்தான் அவர் வழித்தெறிந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கை எறிஞ்சனீங்கள்?" என்றேன். "கீழை குப்பைத்தொட்டியிலை, கறுப்புச் சொப்பிங் பையிலை" என்றார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

அந்த நாட்களில் கொழும்பில் குப்பைத்தொட்டிக்குள் கைவிடுவது புத்திசாலிகள் செய்யும் வேலை அல்ல. அனாதைப் பொதி எதையும் தொடாதீர்கள், குண்டு இருக்கும் என்று வானொலி தினமும் கத்தும். நானோ தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கைமுனைக் காவலரணில் நின்ற சிப்பாய் துவக்கோடு வந்துவிட்டான்.

"மொனவாத ஹொயன்னே?" என்ன தேடுகிறாய் என்று கேட்டான்.

"பணுவோ, மஹத்தயா" என்றேன். புழுக்கள், ஐயா.

என் அடையாள அட்டையைப் பார்த்தான், அதில் கலாநிதி என்று இல்லை. என் பட்டுச்சேலையைப் பார்த்தான். கையில் வழிந்த மீன் இரத்தத்தைப் பார்த்தான். இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த நேரம் பேராசிரியர் இறங்கி வந்தார். மேலே அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். சட்டைக்கையை மடித்தார், என் பக்கத்தில் நின்றார், தொட்டிக்குள் குனிந்தார். சிப்பாய் இரண்டு அடி பின்னால் போய் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களுக்குக் காவல் இருந்தான். பல்கனிகளில் சனம் நிறைந்துவிட்டது.

"ஐயோ, சாப்பிட வந்த மனிசனைக் குப்பைக்குள்ளை இறக்கிப்போட்டாளே!" என்று மேலிருந்து அம்மா தலையில் அடித்தார்.

பையை அவர்தான் கண்டெடுத்தார். திறந்தால், எல்லாக் கரைப் புழுக்களும் ஒன்றாகக் கலந்து நூல்பந்துபோலக் கிடந்தன. மன்னார் எது, பேருவளை எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்தேன். (மீன் கையால் துடைத்தது இன்னொரு பிழை.) இத்தோடு என் வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

பேராசிரியர் ஒரு புழுவைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்க வெகு நேரம் பிடித்தது. மீன் திரும்ப வாங்கலாம், ஆனால் புழுவுக்காகக் குப்பைத்தொட்டிக்குள் பாயும் ஆளை எங்கே வாங்குவது என்றார். செவ்வாய்க்கிழமை அவரே என்னோடு புறக்கோட்டைக்கு வந்தார். "இப்ப வெளிநாட்டுலேர்ந்தும் ஆள் வருதா இதுக்கு?" என்று நானா கேட்டார். மன்னார் மீன் வர மாதங்கள் ஆயின. அது வரும்வரை என் வேலையும் இருந்தது.

அம்மா இந்தக் கதையை இன்றைக்கும் சொல்கிறார். கல்யாண வீடு, செத்த வீடு என்று பேதமில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் சொன்னார். அவருடைய கதையில் புழு இல்லை, ஆராய்ச்சி இல்லை, நானும் இல்லை.

"என்ரை கூழ் குடிச்ச ருசியிலை அந்த டென்மார்க் பேராசிரியர், நான் எறிஞ்ச மீன்குடலையும் விடேல்லை. கீழை போய்க் குப்பைத்தொட்டிக்குள்ளை தேடி எடுத்தவர். ஆமிக்காரனும் பாத்துக்கொண்டு நிண்டவன், வேணுமெண்டால் கேளுங்கோ!"

ஒவ்வொரு தடவையும் நான் குறுக்கிடுவேன். "அம்மா, அவர் தேடினது புழுவை."

"சும்மா இரு பிள்ளை" என்பார் அம்மா. "ஆக்கள் சாப்பிடேக்கை புழுக்கதை கதையாதை."