முப்பது தீப்பெட்டி

"முப்பதுக்கு முப்பது சார்" என்றார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ராஜகுரு.

தம் பள்ளிக்கூடத்தில் அப்படியொரு மார்க்கை அதுவரை கேட்டறியாத பூமிநாதன் வாத்தியார் லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதீக. மருந்து குடிச்ச பெறகும் முப்பது பிள்ளைக வயித்துலயும் பூச்சி அப்படியே இருக்கு."

திருச்சுழிக்குத் தெற்கே, வாத்தியார் ஒருவரே நடத்தும் பள்ளிக்கூடம் அது. பூச்சி மருந்து எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க, அறுபத்தெட்டில் அதைத்தான் பிடித்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும், பேர் எழுதிய தீப்பெட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் மலம் கொண்டுவர வேண்டும். மதுரையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

"முழுங்குச்சுகளா, துப்புச்சுகளா?" என்று கேட்டார் ராஜகுரு.

"என் கண்ணு முன்னால முழுங்குச்சுக."

"நான் நம்புறேன். மேல நம்பணுமே. மருந்தை நீங்க கீழ கொட்டிட்டதா நெனச்சாகன்னா ராமேஸ்வரத்துக்குத் தூக்கிப் போட்டுருவாக."

வாத்தியாருக்கு மாமனார் கொடுத்த நாலு குறுக்கம் நிலத்துப் பருத்தி அந்த ஊரில்தான் வெடிக்கக் காத்திருந்தது.

மறுபடி மருந்து. இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளையின் நாக்கையும் தூக்கிப் பார்த்தார். மதுரையிலிருந்து பதில் வந்தது: முப்பதுக்கு முப்பது.

வெல்லம் தின்னக்கூடாது என்றார் வாத்தியார். தாய்மார்கள் முறைத்தார்கள். வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று லாரி டயரில் செருப்பு வெட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் நடந்ததைவிட விழுந்ததுதான் அதிகம்.

அடுத்து வந்தது வீரியமான மருந்து. அன்று வகுப்பு முழுக்க ஓடைப்பக்கம்தான் நடந்தது. அங்கே மேய்ந்த ஆடுகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. சோலை மகனுக்கு விழுந்த பூச்சி கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக்கயிறு நீளம் என்று பேச்சு. பாதியைத் தள்ளினாலும் நீளம்தான்.

ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்கு வயிறு வற்றிக் கன்னம் உப்பியது. ஆளுக்கு ரெண்டு கும்பா கஞ்சி குடித்தார்கள். மதுரையிலிருந்து பதில் வந்தது: முப்பதுக்கு முப்பது.

"பிள்ளைக கொழுகொழுன்னு இருக்குகளே சார்" என்றார் வாத்தியார்.

"பூதக்கண்ணாடிக்குப் பிள்ளைக மூஞ்சி தெரியாதுல்ல" என்றார் ராஜகுரு.

பருத்தி வெடித்த வாரம் ராமேஸ்வரத்துக்கு உத்தரவு வந்தது. வாத்தியார் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய ஒச்சம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கு சார் போறீக?"

"மருந்து கேக்கல தாயீ. பழி எம்மேல விழுந்துருச்சு."

"ஆரு சொன்னது? நல்லாத்தான கேட்டுச்சு."

"தீப்பெட்டி அப்படிச் சொல்லலையே."

ஒச்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

"பேரெழுதி அனுப்புனா எவனாச்சும் பிள்ளைகளுக்குச் செய்வினை வச்சிருவான்னு பயந்து, படிச்சவுகளுக்கு அது பலிக்காதுல்லன்னு, நாலு தடவையும் நீங்க ஓடைக்குப் போயிட்டு வந்த எடத்துலதான் சார் முப்பது பெட்டியையும் நெரப்புனோம்."