கோதண்டபாணி வாய் மூடிய அரை மணி

கோதண்டபாணி இனிமேல் பேச்சைக் குறைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஆடி மாதத்தில். அந்த முடிவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு நாள் பிடித்தது.

பேச்சுதான் அவருக்குத் தொழில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டு, வாசலில் பலகை மாட்டினார்: 'கோதண்டபாணி, லைஃப் கோச்.' எதிர்வீட்டு சபாபதி பஸ் கண்டக்டர். கோச் என்றால் ரயில் பெட்டிதானே, அதை எப்படி இந்தச் சந்துக்குள் இழுத்து வந்தீர்கள் என்று கேட்டார். மனுஷனுக்குள் இருக்கிற திறமையை வெளியே கொண்டுவருகிறவனுக்கு உலகம் முழுக்க அதுதான் பேர் என்று கோதண்டபாணி முக்கால் மணி நேரம் விளக்கினார். அன்றைக்கு உத்திரமேரூர் பஸ் கண்டக்டர் இல்லாமல் நின்றது.

அவர் மனைவி பெரியநாயகி இரண்டே வரியில் முடித்துவிட்டாள். "ஊருக்கு அவரு கோச்சு. வீட்டுல யாராவது குறுக்க பேசினா கோச்சுக்கினு போயிடுவாரு."

ஏழு வருஷம் அவரிடம் ஆட்கள் வந்தார்கள். பட்டுக்கடை விற்பனையாளர்கள், கூட்டுறவுச் சங்கத்து குமாஸ்தாக்கள், பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பும் அப்பாக்கள். வந்தவர் குறையைச் சொல்ல ஆரம்பித்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள் கோதண்டபாணிக்கு வழி தெரிந்துவிடும். மீதி ஐம்பத்தெட்டு நிமிஷமும் அந்த வழியை அவர் போட்டுக் காட்டுவார். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பிப் போவார். தலை ஆடினால் குணமாகிவிட்டது என்று இவர் கணக்கு.

அந்த வருஷம் சென்னையில் அனுபவமுள்ள கோச்சுகளுக்கு மட்டும் என்று ஒரு மேல்நிலைப் பயிற்சி ஆரம்பித்தார்கள். ஆறு மாதம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. முடிவில் தான் நடத்திய ஓர் அமர்வை அரை மணி நேரம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பரிசோதகர்கள் ஒப்புக்கொண்டால் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் அங்கீகாரம். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். நடத்தியவர் கமலவேணி என்ற அம்மாள். கோதண்டபாணியைவிடப் பத்து வயது சிறியவர், மெல்லிய குரல். முதல் பாடமே, கோச் புத்தி சொல்லக் கூடாது என்பது. கேள்வி கேட்கலாம், பிறகு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வந்தவரின் பதில் வந்தவரிடமே இருக்கிறது. கோதண்டபாணி எழுந்து நின்று அந்தக் கருத்தை வரவேற்றுப் பத்து நிமிஷம் பேசினார்.

பட்டுக்கடை மேனேஜரை வைத்து முதல் பதிவைச் செய்தார். முப்பது நிமிஷத்தில் இருபத்தாறு நிமிஷம் இவர் குரல். கமலவேணி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டாவது பதிவில் இருபத்துநாலு நிமிஷம். மூன்றாவதற்குக் கொட்டைப்பாக்கு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பத்தாவது நிமிஷத்தில் பாக்கை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசினார்.

அப்போதுதான் பேச்சைக் குறைக்கும் முடிவு. பதிவை அனுப்ப இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதோடு இன்னொரு தாளும் வேண்டும். அமர்வில் எடுத்த முடிவை வந்தவர் பதினைந்து நாளைக்குள் செய்து பார்த்தாரா என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும். பட்டுக்கடை மேனேஜரைக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்றார். மற்றவர்களுக்கும் அந்த வாரம் உடம்பு சரியில்லாமல் போயிற்று.

யோசித்ததில் பெரியநாயகி ஞாபகம் வந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், பிள்ளைகள் இல்லை, வீட்டில் இருவர்தான். அவள் அதிகம் பேசாதவள். வீட்டு விஷயம் ஏதாவது பேசச் சொல்லி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தால் அரை மணி ஓடிவிடும். ஆனால் பேசுகிறவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் நாலு பக்கப் படிவம். வகுப்பில் கமலவேணி அதை வரிவரியாக விளக்கிய நேரத்தில், கோதண்டபாணி பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேறு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மனைவியிடம் கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல். பெரியநாயகி அஞ்சலகச் சிறுசேமிப்பு ஏஜெண்ட். மாத ஆரம்பத்தில் ஒரு கட்டுப் படிவங்களை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். தன் நாலு பக்கத்தையும் அந்தக் கட்டின் நடுவில் செருகிவைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கையெழுத்து விழுந்திருந்தது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு, காப்பி குடித்தபிறகு, சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளுக்கு அடியில் ரெக்கார்டரை ஓடவிட்டு, கொஞ்சம் பேசலாமா என்று அவளைக் கூப்பிட்டார். பெரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தாள். ரெக்கார்டரை நகர்த்தி இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"பேப்பர் மூடியிருந்தா குரல் சரியா விழாதுங்க," என்றாள்.

கோதண்டபாணிக்கு வேர்த்தது. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாடத்தில் இருந்த முதல் கேள்வியைக் கேட்டார். இன்னிக்கு எதைப் பத்திப் பேசலாம்?

"வடிவைப் பத்தி."

வடிவாம்பாள் பெரியநாயகியின் தங்கை. வலிப்பு நோய்க்காரி. கட்டிக்கொண்டவன் நாலாம் மாதமே அவளைப் பிறந்த ஊரான தென்னேரியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அப்பா அம்மா இருந்தவரை அவர்களோடு இருந்தாள். அவர்கள் போனபிறகு அண்ணன் கைலாசம் பொறுப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டில் அவளைப் பாரமாக நினைக்க ஆரம்பித்தபோது, நாம் அழைத்துவந்து வைத்துக்கொள்ளலாமா என்று பெரியநாயகி கேட்டாள். கோதண்டபாணி ஒன்றரை மணி நேரம் அவளிடம் பேசினார். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் தன் முதல் கோச்சிங் வெற்றி என்று அவர் நம்பினார். தொழில் தொடங்கியதிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் அதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். குழப்பத்தில் இருந்த ஒரு பெண்மணிக்கு ஒன்றரை மணியில் தெளிவு வந்தது என்று சொல்லுவார். கூட்டம் கைதட்டும்.

பெரியநாயகி குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு ஒரு பேப்பரை எடுத்து நடுவுல கோடு போட்டீங்க. இந்தப் பக்கம் கூட்டியாந்தா நல்லது, அந்தப் பக்கம் கூட்டியாந்தா கஷ்டம். அந்தப் பக்கம் பதினொன்னு எழுதினீங்க. பதினொன்னும் நெசம்தான். ஒன்னுக்குக்கூட எனக்குப் பதில் தெரியல. அதான் சும்மா இருந்துட்டேன். எனக்குத் தெளிவு வந்துட்டுதுன்னு நீங்க நெனச்சுக்கினீங்க."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். ரெக்கார்டரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மாதம் ஒருமுறை தென்னேரிக்குப் போய்வந்ததைச் சொன்னாள். அவள் போவது அவருக்குத் தெரியும். அங்கே என்ன பார்த்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணன் வீட்டில் வடிவைப் பம்புசெட்டு ரூமுக்கு மாற்றியதைச் சொன்னாள். அங்கே தனியாக வெந்நீர் போடும்போது வலிப்பு வந்து அடுப்பில் விழுந்ததைச் சொன்னாள். இடது கை வெந்து மூன்று விரல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதாம். கோதண்டபாணி மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் அவகூட இருந்தேன். வாலாஜாபாத்துல கல்யாணம்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன். அஞ்சு நாள் கல்யாணம் யார் வீட்டுலன்னு நீங்க கேக்கல."

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் அது அடங்கும்வரை இருந்துவிட்டுப் பேசினாள்.

"மொதல் ரெண்டு வருஷம் நான் போறப்பல்லாம் துணிப்பையை எடுத்துக்கினு வாசல்ல நிப்பா. 'போலாமாக்கா'ன்னு கேப்பா. அடுத்த மாசம்னு சொல்லுவேன். இப்ப கேக்கறதில்ல. பையும் எடுக்கறதில்ல. கேட்டுக்கினு இருந்தப்பகூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இல்லைங்க."

அதோடு நிறுத்திவிட்டாள். மேஜையில் நாலு நிமிஷம் சத்தமே இல்லை. முதல் ஒரு நிமிஷம் அவர் ரெக்கார்டருக்குப் பயந்து பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததற்கு அது காரணமில்லை. எதிரில் இருக்கிறவள் முகத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் கருப்பு மரு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், பாடத்தில் இருந்ததையே கேட்டார். குரல் அவர் குரல் மாதிரி இல்லை.

"நீ இன்னா பண்ணலாம்னு நெனைக்கிற?"

"கூட்டியாரலாம்னு."

"எப்போ?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"அதுக்கு நான் இன்னா செய்யணும்?"

"வேன் பேசுங்க. கூட வாங்க. முன்ரூமை அவளுக்கு ஒழிச்சுக் குடுங்க."

பழைய பதினொன்றும் அவர் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. முன்ரூம் அவருடைய ஆபீஸ். அதோடு சேர்த்தால் பன்னிரண்டு. இருபத்தொன்பது நிமிஷம் ஓடியிருந்தது.

"சரி," என்றார்.

மறுநாள் காலை அதைத் தாளில் இறக்க உட்கார்ந்தார். பேசிய ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு வரிக்கு நாலுதரம் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. 'போலாமாக்கா' என்ற இடத்தில் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். அந்த ஒன்றரை மணிக் கதையைச் சொல்லி எத்தனை கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

ஆனாலும் சுபாவம் எங்கே போகும். மத்தியானம் சாப்பிடும்போது, பொங்கலுக்குப் பிறகு அழைத்துவந்தால் வசதியாக இருக்குமே என்று ஆரம்பித்தார். பெரியநாயகி ரசத்தை ஊற்றிக்கொண்டே, அந்தப் பதினைந்து நாள் தாளில் வடிவு வீட்டுக்கு வந்தபிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. மேஜையும் நாற்காலிகளும் கூடத்துக்குப் போயிருந்தன.

தென்னேரியில் கைலாசம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் மனைவி வெற்றிலை வைத்துக் கொடுத்தாள். வடிவு வெயிலில் வந்து நின்றாள். நாற்பத்துநாலு வயது, அறுபது சொல்லலாம். இடது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். வேனில் ஏறச் சொன்னதும் ஏறிக்கொண்டாள். துணிமணி எதுவும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருந்தவள், வாலாஜாபாத் தாண்டும்போது, ஆஸ்பத்திரியைத் தாண்டிவிட்டோமே என்று மெதுவாக அக்காவிடம் கேட்டாள். பெரியநாயகி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கோதண்டபாணி முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தும் வடிவு விருந்தாளி மாதிரிதான் இருந்தாள். கட்டிலில் படுக்காமல் தரையில் ஓரமாகப் படுத்தாள். எதையும் கேட்டுக்கொண்டு தொட்டாள். ஒரு காலத்தில் பார்த்த சினிமாவை விடாமல் சொல்லிக்காட்டும் பெண் என்று அவருக்கு ஞாபகம். இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஆறாம் நாள் பெரியநாயகி தபால் ஆபீசுக்குப் போயிருந்தாள். முன்னறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. கோதண்டபாணி ஓடினார். வடிவு தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த முக்காலியைத் தள்ளிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்தார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அது நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்நாள் முழுக்கக் கற்றுவைத்திருந்த எந்தப் பேச்சும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு உதவவில்லை. கண் விழித்ததும் வடிவு அவரைப் பார்த்து மிரண்டு, எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அனுப்பிடுவீங்களா மாமா?"

"இல்லம்மா," என்றார் கோதண்டபாணி.

பதினான்காம் நாள் எல்லாவற்றையும் உறைக்குள் போட எடுத்துவைத்தார். பதிவு இருந்த குறுந்தகடு, தட்டச்சுத் தாள்கள், ஒப்புதல் படிவம். மொத்தத்தில் இவர் பேசியது மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. கமலவேணி அம்மாள் வாயடைத்துப் போவார். கடைசித் தாளைப் பெரியநாயகியிடம் நீட்டினார். அவள் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, ஒப்புதல் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டினாள்.

"மனைவி, கூடப் பொறந்தவங்க, சொந்தக்காரங்க யாரை வெச்சுப் பதிவு பண்ணாலும் செல்லாதுன்னு போட்டிருக்குதுங்க."

கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். அப்படித்தான் போட்டிருந்தது. முன்னறையில் வடிவு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"இதை எப்போ பார்த்த?"

"உங்க ஃபாரம் என் கட்டுல இருந்துதே, அன்னிக்கே. படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, நாயகி."

பெரியநாயகி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க அரை மணி நேரம் பேசாம இருக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலைங்க," என்றாள்.