புலியின் மதியப் பட்டியல்

ஒரு காட்டில், மின்சாரம் வந்த மறு வாரமே நிர்வாகம் கணினிக்கு மாறியது. புலிராஜாவுக்கு அன்றாடம் மதியம் ஒரு பிராணி வேண்டும். யாரை அனுப்புவது என்ற சண்டையைத் தீர்க்க நரி ஒரு நிரல் எழுதியது. பிராணி ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு கோப்பு; எல்லாம் ஒரே கோப்புறையில். பட்டியலில் முதலில் வரும் பெயர் அன்றைய சாப்பாடு; சாப்பிட்டதும் அந்தக் கோப்பு நீங்கிவிடும்.

சோதித்தபோது பெயர்கள் அகர வரிசையில் வந்தன. அணில், ஆடு, ஆந்தை, ஆமை. அதைப் பார்த்த நரி முறைப்படி விண்ணப்பித்துத் தன் பெயரை ‘ஹேமநரி’ என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் காட்டில் யாரும் இல்லை.

ஞாயிறு மாலை அணில், கணினியைப் பராமரிக்கும் ஆமையிடம் போனது.

“நாளைக்கு நான்தான் அண்ணே. ஏதாவது பண்ணுங்க.”

“வரிசைப்படுத்தச் சொல்லி நிரல்ல ஒரு வரிகூடக் கிடையாது, தெரியுமா?” என்றது ஆமை. கணினியோடு வந்த கையேட்டை முழுதும் படித்த பிராணி அது ஒன்றுதான். “இந்த வட்டு தானா அப்படிக் குடுக்குது. வட்டுல கோப்புகளை அடுக்கி வைக்கிற ஏற்பாடு, அதான் கோப்பு முறைமை, மாறினா வரிசையும் மாறும். ‘வரிசைக்கு உத்தரவாதம் இல்லை’ன்னு பதினேழாம் பக்கத்துல போட்டிருக்கான்.”

“பக்கம் கிடக்கட்டும். நான் பிழைப்பேனா?”

“அதுக்கும் உத்தரவாதம் இல்ல.”

ஆனாலும் ஆமை புது வட்டைப் பொருத்தி, வேறொரு கோப்பு முறைமையை நிறுவி, கோப்புகளை நகலெடுத்தது.

திங்கள் மதியம் திரையில் முதல் பெயர்: ஹேமநரி.

“என் குகையில ஓட்டினப்ப சரியாத்தான் வந்துச்சு மகாராஜா.”

“பசிக்குது” என்றது புலி.

“வரிசைப்படுத்த ஒரே ஒரு வரி. அஞ்சு நிமிஷத்துல சேர்த்துடுறேன்.”

“சாப்பிட்டதும் சேர்.”

“சாப்பாடே நான்தானே.”

“அப்ப நிரல் இப்படியே இருக்கட்டும்.”

இருந்தது. எழுதியவரே போய்விட்டதால் அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. அணில் ஒரு கொய்யாப் பழத்தோடு ஆமையிடம் ஓடியது.

“அடுத்தது யாருண்ணே? பட்டியலைத் திறந்து பாத்துச் சொல்லலாமே.”

“பாத்த வரிசையை நம்பினதுதான் நரி பண்ண தப்பு” என்ற ஆமை, பழத்தை மென்றபடி பதினேழாம் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டியது.

செவ்வாய் மதியம் திரையில் முதல் பெயர்: ஆமை.

பழைய வட்டிலேயே விட்டிருந்தால் வியாழன்வரை இருந்திருக்கும்.

நீதி: கையேட்டைப் படிக்காதவனைப் புலி இன்று தின்னும். படித்தவனை நாளை தின்னும். ஆனால் அவனுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.