துடுப்புல நாலு இஞ்ச்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு துடுப்பு வாங்கணும்.

மரக்காணம் பக்கம் ஈசிஆர் மேல இருக்குற ஒரு சின்ன ரிசார்ட்டுல நான் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருஷமா பெட்ஷீட் எண்ணிக்கிட்டு இருக்கேன். போன மாசம் எங்க மேடம் ஸ்டாண்ட் அப் பேடில் போர்டுன்னு ஒண்ணை வாங்கி இறக்கினாங்க. மிதக்குற பெரிய பலகை. அது மேல நின்னுக்கிட்டே துடுப்பு போட்டுப் போகணும்.

உக்காந்து போறதுக்குத்தான் படகு இருக்கே மேடம்னு கேட்டேன்.

"மூர்த்தி, இப்ப எல்லாரும் நின்னுக்கிட்டுதான் போறாங்க"ன்னாங்க.

திண்டிவனம் பஸ்ல நாங்களும் இத்தனை வருஷமா நின்னுக்கிட்டுதான் போறோம். அதை யாரும் ஸ்போர்ட்ஸுன்னு சொல்லல.

ஆனா மேடம் அடுத்து சொன்னதுல நான் விழுந்துட்டேன். இதுக்கு ஒரு 'வாட்டர் ஸ்போர்ட்ஸ் இன்சார்ஜ்' வேணுமாம். விசில், கூலிங்கிளாஸ், பேர் போட்ட டி-ஷர்ட். உங்க அளவுக்கு ஒரு துடுப்பு வாங்கிட்டு வாங்க, எனக்கு ஓட்டிக் காட்டுங்க, சரியா வந்தா சனிக்கிழமை வர்ற கெஸ்டுங்கள்ல இருந்து நீங்கதான் இன்சார்ஜ், இல்லாட்டி சென்னையில இருந்து ஆள் வரவச்சுக்கிறேன்னு சொல்லிட்டாங்க.

நான் ஒண்ணும் தண்ணியில பொறந்து வளந்தவன் இல்ல. நாங்க உப்பளத்துக்காரங்க. எங்களுக்கு தண்ணின்னா அது சீக்கிரம் காயணும், அவ்ளோதான். ஆனா பெட்ஷீட் எண்ணி எண்ணி வெறுத்துப் போயிருந்தேன். "உள்ளூர்க்காரன் மேடம், எனக்கு தெரியாததா"ன்னு சொல்லிட்டேன்.

வீட்டுல என் பொண்டாட்டி சுமதிகிட்ட சொன்னேன். அவ கிளியனூர்ல இருக்குற அவங்க அப்பாவுக்கு போன் போட்டு, மாப்ளைக்கு பெரிய வேலை கெடச்சிடுச்சுன்னே சொல்லிட்டா. மறுநாள் காலையில மாமா ஒரு பை கத்திரிக்காயோட வந்து இறங்கிட்டாரு.

நான் துடுப்பு வாங்க பைக்கை எடுத்தேன். "சும்மாதான இருக்கேன், நானும் வர்றேன் மாப்ள"ன்னு பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு.

இங்க ஒரு ரகசியத்தை சொல்லியாகணும்.

என் கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கும்போது தரகர் என்னோட உயரம் அஞ்சடி ஆறு இஞ்ச்னு சொல்லி வச்சிட்டாரு. உண்மையில அஞ்சடி ரெண்டு. அவர் சொன்னத நான் மறுத்துப் பேசல. பெரியவங்க பேச்சை மறுத்துப் பேசக் கூடாதுன்னு அன்னைக்கு மட்டும் எனக்கு நல்ல புத்தி. சுமதி மூணாவது நாளே கண்டுபுடிச்சிட்டா. ஆனா மாமாவுக்கு தெரியாம பதினாலு வருஷம் ஓட்டிட்டேன். அவர் உக்காந்தா நானும் உக்காந்துடுவேன். அவர் நின்னா படியில ஏறி நின்னுக்குவேன். செருப்பு எப்பவும் தடிச்ச அடி வச்சதுதான் போடுவேன்.

பெரிய முதலியார்சாவடியில அலைச்சறுக்கு சாமான் விக்கிற ஒரு கடை இருக்கு. உள்ள ஒரு பொண்ணு இருந்துச்சு. துடுப்புன்னு கேட்டா ஒரு செவுரு நிறைய காட்டுது. பிளாஸ்டிக்காம், அலுமினியமாம், கார்பனாம். எனக்கு தெரிஞ்ச கார்பன் பில் புக்குல வைக்கிறது மட்டும்தான்.

இருக்கறதுலயே அகலமான அடிப்பலகை வச்ச துடுப்பை காட்டினேன். உப்பளத்து கணக்கு அப்படி. பலகை எவ்ளோ அகலமோ, ஒரு இழுப்புக்கு அவ்ளோ உப்பு வரும்.

"இது என்னண்ணா, உப்பு அள்ளப் போறீங்களா? உங்க வெயிட்டுக்கு சின்னதே போதும். பெருசு போட்டா தோள் போயிடும்"னு சொல்லி நடுவாந்திரமா ஒண்ணை எடுத்துச்சு. துடுப்போட அடிப்பலகை லேசா வளைஞ்சிருக்கும், அந்த வளைவு முன்பக்கம் பாத்து இருக்கணும், நம்ம பக்கம் திரும்பக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. தலையாட்டினேன். காதுல வாங்கல.

அப்புறம் டேப்பை எடுத்துச்சு. "உயரத்துக்கு மேல ஒரு சாண் விட்டு கம்பை அறுக்கணும். உங்க உயரம் எவ்ளோண்ணா?"

மாமா எனக்கு பக்கத்துலதான் நிக்குறாரு. ஏறி நிக்க அந்த கடையில ஒரு படி கூட இல்ல.

"அஞ்சடி ஆறு"ன்னேன்.

அந்த பொண்ணு என்னை ஏற இறங்க பாத்துச்சு. செவுத்துல நிக்கிறீங்களா, அளந்துடலாம்னு கேட்டுச்சு. நேரமில்லம்மா, சொன்னதை எழுதுன்னேன். பில்லுல அஞ்சடி ஆறுன்னு எழுதி, அந்த அளவுக்கு கம்பை அறுத்து, மேல கைப்பிடிய ஒட்டிக் குடுத்துச்சு. மாமா செவுத்துல மாட்டியிருந்த காலண்டரை படிச்சுக்கிட்டு இருந்தாரு.

மறுநாள் காலையில ரிசார்ட்டுக்கு பின்னாடி உப்பங்கழியில சோதனை ஓட்டம். கரையில ரெண்டு பிளாஸ்டிக் சேர். ஒண்ணுல மேடம், இன்னொண்ணுல மாமா. எதிர்கரையில வரிசையா உப்பளம், ஆளுங்க உப்பு வாரிக்கிட்டு இருந்தாங்க.

லைஃப் ஜாக்கெட் போட்டு, பலகை மேல ஏறி, எப்படியோ நின்னுட்டேன். மேடம் கை தட்டினாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம்.

துடுப்பை புடிச்சா கைப்பிடி என் தலைக்கு மேல எங்கயோ இருக்கு. பஸ் கம்பிய புடிக்கிற மாதிரி கையை தூக்கிக்கிட்டு நாலு தடவை தள்ளினேன். தோள் கழண்டுடுச்சு. சரின்னு கையை கீழ இறக்கி கம்பு நடுவுல புடிச்சேன்.

அங்கதான் வந்துச்சு வினை. சின்ன வயசுல அப்பாவோட எட்டு வருஷம் உப்பு வாரினவன் நான். வரப்புல நின்னுக்கிட்டு, நீளக் கழியில மாட்டின பலகையை பாத்திக்குள்ள எட்டிப் போட்டு, காலடிக்கு இழுக்கணும். கம்பை நடுவுல புடிச்ச உடனே கைக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. துடுப்பு தானா திரும்பிக்கிச்சு, வளைவு என் பக்கம். நானும் பக்கவாட்டுல திரும்பி, எட்டிப் போட்டு, காலடிக்கு இழுத்தேன்.

பலகை பக்கவாட்டுலயே போச்சு, நண்டு மாதிரி.

"மூர்த்தி, முன்னால போங்க"ன்னாங்க மேடம். நான் இன்னும் நல்லா இழுத்தேன்.

எதிர்கரையில உப்பு வாரிக்கிட்டு இருந்த ஒரு அக்கா நிமிந்து கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் அங்கிருந்தே பொறுமையா சொன்னாங்க.

"ஏம்பா, அங்க உப்பு இன்னும் வெளையல. பத்து நாள் ஆவும்."

உப்பளமே சிரிச்சுது. எனக்கு ரோஷம் வந்து ஒரே இழுப்பா இழுத்தேன். துடுப்பு பலகைக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. நான் கம்போட தண்ணிக்குள்ள போயிட்டேன்.

காப்பாத்துங்கன்னு கத்தினேன். ரெண்டு வாய் உப்புத் தண்ணி குடிச்சேன். அதுல கூட உப்பு தரம் பரவால்லன்னு தோணுச்சு, பழக்கதோஷம். மாமா வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள நடந்தே வந்தாரு. நடந்தே!

"எழுந்து நில்லுங்க மாப்ள"ன்னாரு.

நின்னேன். தண்ணி முழங்கால் அளவுதான். அவருக்கு. எனக்கு கொஞ்சம் மேல.

கரையேறினதும் மேடம் துடுப்பை வாங்கி என் பக்கத்துல நிறுத்திப் பாத்தாங்க. "இது உங்க அளவுதானா?"

மாமா வேட்டிய பிழிஞ்சுக்கிட்டு நிக்குறாரு. எனக்கு வேற வழி தெரியல. "கடையில இருந்த பொண்ணு தப்பா அறுத்துடுச்சு மேடம்"னு சொல்லிட்டேன்.

மேடம் முகம் மாறிடுச்சு. அந்த கடையிலதான் இன்னும் பத்து துடுப்பு சொல்லலாம்னு இருந்தாங்களாம். நாளைக்கே போய் இதை சரி பண்ணிட்டு வாங்க, ஆர்டரும் கெடையாது ஒண்ணும் கெடையாதுன்னு அந்த பொண்ணுகிட்டயே சொல்லிடுங்கன்னாங்க.

மறுநாளும் மாமா பைக்ல ஏறிட்டாரு.

கடையில விஷயத்தை சொன்னதும் அந்த பொண்ணு பதறிப் போய் பில் புக்கை எடுத்து பிரிச்சுச்சு. "நீங்க சொன்னதைத்தானண்ணா எழுதினேன். ஓனருக்கு தெரிஞ்சா என்னை வேலையை விட்டே எடுத்துடுவாருண்ணா." கண்ணு கலங்கிடுச்சு.

எனக்கு அசிங்கமா போச்சு. உண்மையிலேயே அசிங்கமா இருந்துச்சு. என் நாலு இஞ்சுக்கு அது எதுக்கு வேலையை விடணும்? செருப்பை கழட்டி வச்சேன். செவுத்தோட ஒட்டி நின்னேன்.

"அளந்துக்கம்மா"ன்னேன்.

"அஞ்சடி ரெண்டு"ன்னு சத்தமா படிச்சுச்சு அந்த பொண்ணு. மெதுவா படிச்சிருக்கலாம்.

கைப்பிடிய கழட்டி, கம்பை அறுத்து, திரும்ப ஒட்டிக் குடுத்துச்சு. அறுத்த துண்டையும் உங்களுதுதான்னு கையில குடுக்க வந்துச்சு. அதை மாமா வாங்கிக்கிட்டாரு. விரலை வச்சு அளந்து பாத்தாரு. சரியா நாலு இஞ்ச்.

நான் அவசரமா செருப்பை எடுத்து மாட்டினேன்.

"நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்கு தெரியும் மாப்ள"ன்னாரு. "எங்க வீட்டு வாசக்கால் அஞ்சே கால் அடிதான். அஞ்சடி ஆறுன்னு சொன்ன ஆளு குனியாம நேரா உள்ள வந்தீங்களே."

அங்கிருந்தே மேடத்துக்கு போன் போட்டேன். கடையில தப்பில்ல மேடம், அளவை நான்தான் தப்பா சொல்லிட்டேன், ஆர்டரை அங்கயே குடுங்கன்னேன். உங்க உயரம் உங்களுக்கே தெரியாதா மூர்த்தின்னு கேட்டாங்க.

"இப்பதான் தெரிஞ்சுது மேடம்."

சனிக்கிழமை துடுப்பு கைக்கு அடக்கமா நின்னுச்சு. வளைவை முன்பக்கம் வச்சு, முன்னால பாத்து, நேரா போயிட்டு நேரா வந்தேன். விசில் கெடச்சிடுச்சு. டி-ஷர்ட் மட்டும் முட்டி வரைக்கும் தொங்குது, அதை எந்த உயரத்துக்கு சொன்னாங்களோ தெரியல.

அந்த நாலு இஞ்ச் துண்டை சுமதி ஷோகேஸ்ல எங்க கல்யாண போட்டோவுக்கு பக்கத்துல நிக்க வச்சிருக்கா. போட்டோவுல நான் மட்டும் மணைப்பலகை மேல ஏறி நிக்குறேன்.