143ஆம் பக்கத்தில் போதகர் சொன்ன பொய்

அமெரிக்காவைக் கடவுள் படைத்தார் என்பது பொதுவான நம்பிக்கை. மாசசூசெட்ஸில் ஸ்டோன்பரி ஊர்க்காரர்களான எங்களுக்குத் தெரிந்தது வேறு. கடவுள் கூடமாட ஒத்தாசை செய்தார். படைத்தவர் எங்கள் மூதாதை, போதகர் ஜேபஸ் ஹோல்கிராஃப்ட். 1641இல் கப்பலேறி வந்து, காட்டைத் திருத்தி, சபை நிறுவி, ஒன்பது பிள்ளைகளைப் பெற்று எங்களுக்கு வழிவிட்டவர்.

போதகர் வழித்தோன்றல் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் செயலாளர். உறுப்பினராவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆகஸ்டில் சிப்பி விருந்து, தோளில் நீலப் பட்டை, செத்தபின் குன்றின்மேல் போதகருக்குப் பக்கத்தில் ஆறடி நிலம். அங்கிருந்து பார்த்தால் ஆறு அழகாகத் தெரியும் என்று உயிரோடிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் நான்காம் விதி கறாரானது: போதகர் தம் நாட்குறிப்பில் கைப்பட எழுதியதே இறுதிச் சான்று, அதற்குமேல் பேச்சில்லை. பொய்யே சொல்லாத மனிதர் அவர். ஒருநாள் சூரியன் வந்தபிறகு எழுந்ததைக்கூட எழுதி அழுதிருக்கிறார். அந்த நாட்குறிப்பை முதல் பக்கம் திறந்தபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். மற்றப் பக்கங்களை யாரும் படித்ததில்லை. எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். மேலும், வணங்குகிற புத்தகத்தைப் படிக்கவும் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

இந்த ஜனவரியில் ரோவீனா டக்கெட் அம்மையாரின் தாயார் ஆல்தியா இறந்துபோனார். எண்பத்துநான்கு வயது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மண் பாறையாகிவிடும், கடப்பாரையே வளையும். அதனால் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் உள்ள கற்கிடங்கில் வைத்துவிட்டு, மண் இளகும்வரை காத்திருப்பது வழக்கம். 'நாமும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான், என்னைக் குன்றில் வை' என்பது ஆல்தியாவின் கடைசி ஆசையாம். மகள் விண்ணப்பம் போட்டார்.

ரோவீனா கறுப்பினத்தவர். இதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் மூன்று இடங்களில் பதிவு செய்திருக்கிறோம்.

நாட்குறிப்பைப் பார்க்க அனுமதி கேட்டார். மனமுவந்து கொடுத்தோம், கைக்கு வெள்ளை உறைகூடக் கொடுத்தோம். அவர் மருந்துக்கடையில் முப்பது வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பதினோரு நாளில் முடித்துவிட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் செயற்குழு கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் லெமுவல் ஹோல்கிராஃப்ட், பிரார்த்தனை செய்து தொடங்கிவைத்தார். ரோவீனா எழுந்து 143ஆம் பக்கத்தை நிதானமாகப் படித்தார்: "என் அடிமைப் பெண் ஜூனோவின் மகனுக்கு இன்று டைட்டஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்தேன். சபைப் பதிவேட்டில் தகப்பன் பெயரை எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். தகப்பன் நானே." டைட்டஸிலிருந்து ஆல்தியாவரை வந்த தலைமுறைகளுக்கு ஊர்ப் பதிவேட்டின் நகல்களையும் வரிசையாக அடுக்கினார்.

தலைவர் தண்ணீர் குடித்தார்.

"அது அவர் கையெழுத்துதானான்னு பாக்கணும்மா."

"முதல் பக்கத்த எழுதின அதே கைதான். 'சந்தேகத்துக்கு இடமில்லாதது'ன்னு பெட்டியில பித்தளைத் தகடே அடிச்சு வச்சிருக்கீங்களே."

"வயசான காலத்துல புத்தி தடுமாறி எழுதியிருப்பாரு."

"அப்ப அவருக்கு முப்பத்தொம்பது வயசு. மறுநாள் தன் நெலத்து எல்லைய அடிக்கணக்கா அளந்து கல் நட்டதா எழுதியிருக்காரு. அந்த எல்லைக்கல்லக் காட்டித்தானே பக்கத்து வீட்டுக்காரர் வேலியப் பிடுங்க வச்சீங்க? அப்ப மட்டும் புத்தி தெளிவா இருந்துச்சா?"

ரோவீனா குரலைத் தாழ்த்தினார்.

"முறைப்படி நீங்க எனக்கு அண்ணன். உங்க பெரியம்மா மூணு மாசமா அந்தக் கிடங்குல கெடக்காங்க, அண்ணே. மண்ணு எளகிடுச்சு."

அவரை நடையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினோம். சிக்கல் எளிமையானது. போதகர் சொன்னது உண்மை என்றால் ரோவீனாவை உள்ளே விடவேண்டும். விடமாட்டோம் என்றால் போதகர் பொய்யர். இரண்டு மணிநேரம் விவாதித்தோம். மரபணுச் சோதனை செய்யலாமே என்றார் ஓர் இளைய உறுப்பினர். அவருக்கு வயது அறுபத்திரண்டு, ரத்தம் சூடாகத்தான் இருக்கும். அவரை அமர்த்தினோம். கடைசியில் பதினோரு பேரும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் இது: "போதகர் அவர்கள் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 143ஆம் பக்கத்தில் மட்டும், பொய் சொன்னார். அதற்காக அவர்மீது சங்கம் வைத்திருக்கும் மரியாதை குறையாது." அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்.

நடையில் போய் வாசித்துக் காட்டினேன். ரோவீனா முழுவதையும் கேட்டார்.

"மத்தவங்க இருக்கட்டும். நீங்க நம்புறீங்களா?"

செயலாளருக்குத் தனிக்கருத்து கிடையாது என்று விதியைச் சொன்னேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை குன்றின் அடிவாரத்தில், நகராட்சி நிலத்தில் அடக்கம் நடந்தது. சங்கத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுபோயிருந்தேன். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் இருந்தார்கள். குழிவெட்டுகிறவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு கை கொறையுது. சொந்தக்காரங்கதான் தூக்கணும்னு இவங்க பிரியப்படுறாங்க. நீங்க சொந்தமா சார்?"

ரோவீனா திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்க. சங்கத்துலேருந்து வந்திருக்கேன்."

குழிவெட்டுகிறவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தானே ஆறாவது ஆளாகத் தோள் கொடுத்தார். நான் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதகர் ஆளில்லாத அறையிலாவது உண்மையை எழுதினார். நான் அவருடைய பேத்தியின் பிணத்துக்கு எதிரே நின்று பொய் சொன்னேன். அதையும் மரியாதையாகச் சொன்னேன்.