வெயில் ஜோசியர் கண்ட போர்வைக்களம்

“ஜோசியரே, வெயில் பொளந்து கட்டும்னு சொன்னீங்களே, நான் இங்க அந்தரத்துல தொங்கிட்டிருக்கேன்” என்று இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள்ளிருந்து பல் டாக்டர் முழங்க, “கத்தாதீங்க டாக்டர், உள்ள காத்து கம்மி” என்று ஜோசியரின் மனைவி வெளியிலிருந்து எதிர்முழக்கமிட, மூண்டது பெரும்போர்.

வாழ்க வெயில் ஜோசியர். முகிலின் மனமறிந்தவர், காற்றின் காலடி எண்ணுபவர், நாளைய ஞாயிறும் காற்றும் ஊருக்கு எவ்வளவு மின்சாரம் ஈயும் என்பதை மின்சார அலுவலகத்தில் அமர்ந்து இன்றே உரைக்கும் வித்தகர். ஊருக்கெல்லாம் பலித்த அந்தத் திருவாக்கு, அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் மட்டும் பலிக்கவில்லை. பகலில் லிஃப்ட் ஓடுவது அங்குள்ள சூரியத் தகடுகளின் தயவால். அவர் வெயில் என்ற நாளில் லிஃப்ட் நின்றது. லேசான மந்தாரம், எதற்கும் யாரும் ஏறாதீர் என்ற நாளில் தேர்போல் ஓடியது.

“நாளைக்கும் தப்பாச்சுன்னா மொட்டைமாடிச் சாவி என் கைக்கு வரணும். இனிமே நான் கணிக்கிறேன்” என்று சூளுரைத்தார் பல் டாக்டர், கம்பிக்கதவின் இடுக்கு வழியே.

“நாளை கடும் வெயில்” என்று அஞ்சாது அறைந்தார் நம் வீரர்.

மறுநாள் நண்பகல். அரைநாள் விடுப்பெடுத்து, குடையை வாளெனப் பற்றி, மீண்டும் நின்றுவிட்ட லிஃப்ட்டை ஏறிட்டும் பாராமல், படிகளை மலைத்தொடரெனக் கடந்து, மூச்சு களிறெனப் பிளிற, முழங்கால் முரசென அதிர, மொட்டைமாடிக் கதவைத் தள்ளிய அவர் கண்டதுதான் என்ன? வானில் ஒரு பொட்டு மேகமில்லை. கீழே, களத்தில் சாய்ந்த மன்னர்களைப்போல், தகடுதோறும் நீலப் போர்வை, பூப்போட்ட போர்வை, மெத்தை உறை, தலையணைப் பட்டாளம். நட்டநடுவே, வென்றவன் கொடியென, அவருடைய சொந்தக் கம்பளி.

பின்னால் வாளியோடு வந்தாள் மனைவி. “நல்ல வெயில்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லா வீட்டுக்கும் நான்தான் போய்ச் சொன்னேன். இந்தத் தகடு சுடச்சுட இருக்கா, சட்டுனு காஞ்சிடுது.”

அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். பதினெட்டாண்டு மணவாழ்வில் தம் பேச்சை அவள் நம்பி நடந்தது இதுவே முதன்முறை என்பது நெஞ்சில் வேலெனப் பாய்ந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டார். அன்று மாலையே, மணிமுடி துறக்கும் மன்னரெனச் சாவியைப் பகைவர் கையில் வைத்தார்.

“நாளைக்குச் சரியான வெயில்” என்று பிரகடனம் செய்தார் பல் டாக்டர்.

“பல்லு புடுங்குறவருக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்” என்றாள் ஜோசியரின் மனைவி. ஒரு கைக்குட்டைகூட மாடியேறவில்லை. லிஃப்ட் காற்றாய்ப் பறந்தது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. புதிய தீர்க்கதரிசியின் புகழ் தளம்தளமாய் ஏறி, ஒவ்வொரு கதவையும் தட்டி, வீட்டுக்கு வீடு நம்பிக்கை தழைத்து, கடைசியில் ஜோசியரின் மனைவியே பல் டாக்டரின் வாக்கை நம்பி, அவரிடமே சாவி வாங்கி, வாளியைத் தூக்கினாள்.

பல் டாக்டர் போன மாதம் கீழ்த்தள வீட்டுக்குக் குடிமாறிவிட்டார்.