6174 பொருத்தம்

சாம்பியன் ரீப்ஸ்,
12-7-1998

சுரங்க வேலையை விட்டுப் போய், பேத்தமங்களாவில் ஏரித் தண்ணீரும் எருமைப் பாலுமாகச் செழித்திருக்கும் மச்சான் கோபால் அவர்களுக்கு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டி ரிட்டையரான வேலு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா பார்வதமும் சுகம். மகள் குணசுந்தரி மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம் கீழே.

நம் வீடுகளில் ஜாதகம் ஏது? பிறந்த நேரம் கேட்டால், "நைட் ஷிப்ட் சங்கு ஊதும்போது பொறந்தான்" என்பார்கள். சுரங்கத்தில் இறங்குமுன் வாங்குகிற பித்தளை டோக்கனின் எண்தான் நமக்கு ராசி, நட்சத்திரம் எல்லாம். அப்பன்மார் இருவர் டோக்கனும் பொருந்தினால்தான் தாம்பூலம் மாற்றுவது, என் அப்பா காலத்து வழக்கம். ஆகவே, வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் தினமும் கூட வருகிற, பக்கத்து மைசூர் மைன்ஸ் பையன் ஸ்ரீநிவாசைத்தான் கட்டிக்கொள்வேன் என்று குணசுந்தரி சொன்னதும், "அவங்கப்பா டோக்கன் நம்பர் இன்னா?" என்றுதான் கேட்டேன். 1748. என்னுடையது 2196. கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை.

"கூட்டினா இன்னாப்பா தெரியும்? கழிச்சுப் பாரு. நாலு இலக்கத்தையும் பெருசுலேர்ந்து சிறுசா எழுது. அத்த திருப்பிப் போட்டுக் கழி. வர்றத மறுபடி அதே மாதிரி பண்ணு" என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டேன். 9621-இல் 1269 போக 8352. அதையே 8532 ஆக்கி 2358-ஐக் கழித்தால் 6174. இன்னொரு தரம், 7641-இல் 1467 போக, அட, மறுபடியும் 6174! நகரவே மாட்டேன் என்கிறது. பையன் வீட்டு 1748-ஐப் போட்டேன். எங்கெங்கோ சுற்றிவிட்டு அதுவும் 6174-இல் வந்து உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது, மச்சான். அன்று மாலையே பையன் வீட்டுக்குப் போய், கேசரி சாப்பிட்டு, சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தவன் சும்மா இருந்தேனா? பக்கத்து வீட்டு சிரில் டோக்கனைப் போட்டேன்: 6174. எதிர்வீட்டுத் தாயம்மாவின் புருஷன், ஒரு நாளாவது யாரோடாவது ஒத்துப்போன மனுஷனா அவன், அவனுக்கும் 6174! முல்பாகல் பஸ்ஸின் நம்பர் பிளேட்டுக்கும் அதே கதி. எந்த ஷாப்டுக் குழியில் இறக்கினாலும் ஒரே லெவலில் கொண்டுபோய் நிறுத்துகிற கேஜ் எங்காவது உண்டா? ஏன் 6174, ஏன் பக்கத்து 6175 இல்லை? யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குணசுந்தரியைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் இதான் வருது. உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ப்பா. நீ கூட்டிக்கினே இருந்தா நான் எப்போ கல்யாணம் கட்டிக்கிறது?" என்றாள்.

பாருங்கள் நெஞ்சழுத்தத்தை! ஊரே நமக்குப் பொருத்தம் என்றால் சொந்தத்தை விட்டு அசலில் எதற்குப் பெண் கொடுக்க வேண்டும்? உங்கள் மகன் அனிலுக்கே அவளைக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தட்டோடு வாருங்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அசையமாட்டேன்.

அனிலுக்கு ஆசீர்வாதம். தங்கச்சிக்கு என் அன்பு. எருமை கன்று போட்டதாகக் கேள்வி, அதற்கும் என் சந்தோஷத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
வேலு (2196)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா நம்பர போட்டியாப்பா?" என்றாள். எல்லாருக்கும் வருவது உங்களுக்கு வராதா என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து உங்கள் அக்கா, "5555" என்றாள். பெருசிலிருந்து சிறுசு 5555. திருப்பிப் போட்டாலும் 5555. கழித்தால் பூஜ்யம். மறுபடி கழித்தாலும் பூஜ்யம். மன்னிக்கவும், மச்சான். வெள்ளிக்கிழமை தட்டு வேண்டாம். ஆவணியில் குணசுந்தரிக்கும் ஸ்ரீநிவாசுக்கும் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்துவிடுங்கள், அதற்குப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.